நீண்ட தூர ஓட்டத்துக்கு மோட்டார் சைக்கிள் சீற்றைத் திருத்துவது எப்படி? யாழ்ப்பாணத்து ஓட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏ9 வீதி யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையில் 321 கிலோமீட்டர். கொழும்பு என்றால் ஏறத்தாழ 400. அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், ஆகவே எங்கே போனாலும் சாதாரண வீதிதான். பகல் முழுக்கச் சீற்றிலேயே கழியும். எங்கள் பக்கம் ஓடுகிற வண்டிகளில் அனேகமானவை 100 சிசிக்கும் 160 சிசிக்கும் இடைப்பட்டவை. பல்சர், டிஸ்கவர், ஸ்பிளெண்டர், அப்பாச்சி என்று எதை எடுத்தாலும் அதன் சீற் சந்தைக்கும் கந்தோருக்கும் போய்வரத் தாராளமாகக் காணும். பரந்தன் தாண்டும்போது பின்புறம் நோகத் தொடங்கி, ஓமந்தையில் நாரி இறுகி, மதவாச்சியில் இறங்கும்போது கால் விறைத்துப் போகிற கதை வேறு. அது உங்கள் உடம்பின் பலவீனம் என்று நினைத்துச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. சீற்றைத் திருத்தலாம்.

இந்த நோவோடு ஊர் திரும்பியவர் வழக்கமாகச் செய்வது என்ன? நேரே குசன் கடைக்குப் போய், "அண்ணை, நல்ல மெதுவான பஞ்சாப் பார்த்துப் போட்டு விடுங்கோ" என்பார். கடைக்காரரும் கேட்டதைச் செய்து கொடுப்பார். கடை வாசலில் இருந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். அடுத்த பயணத்தில் முன்பைவிடக் கெதியாக நோகும். மெதுவான சீற் வேறு, கனநேரம் இருக்கக்கூடிய சீற் வேறு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

ஏன் நோகிறது

நாங்கள் இருக்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. இருப்பெலும்பு என்று வைத்துக்கொள்வோம். சீமெந்துப் படியில் இருந்துகொண்டு இரண்டு கைகளையும் அடியில் வைத்துப் பாருங்கள், இரண்டு கட்டிகள் போலத் தட்டுப்படும். பாரம் இந்த இரண்டு எலும்பிலும் அவற்றைச் சுற்றியுள்ள சதையிலும் பரவலாக இறங்கினால் உடம்பு கனநேரம் தாங்கும். பாரம் ஒரே புள்ளியில் குவிந்தால் அந்த இடத்துச் சதை நசிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. எரிவும் நோவும் அதிலிருந்துதான். பாரம் எலும்பை விட்டு நடுவில், தொடையிடுக்குப் பக்கம் இறங்கினால் அங்குள்ள நரம்பு நசிந்து விறைப்பு வரும்.

மெதுவான பஞ்சில் நடப்பது இதுதான்: எலும்பு பஞ்சை அமத்திக்கொண்டு அடித்தட்டு வரை போய்விடுகிறது. பிறகு நீங்கள் இருப்பது பஞ்சில் இல்லை, பிளாஸ்டிக் தட்டில். பஞ்சு பக்கவாட்டில் எழும்பி நடுப்பகுதியை நெருக்கவும் செய்யும். அதோடு வெக்கையும் வியர்வையும் சேர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும்.

சீற்றைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

சீற்றின் தலையில் போடுகிற பழியில் பாதி வேறு இடங்களுக்கு உரியது. முதலில் டயர்க் காற்று. தனியாக ஓடும்போது எவ்வளவு, இரண்டு பேர் ஏறினால் எவ்வளவு என்று செயின் கவரிலோ அதன் அருகிலோ ஒட்டிய தாளில், இல்லாவிட்டால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். காற்றடிக்கும் கடையில் "நல்லா அடிச்சு விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தால் றோட்டின் ஒவ்வொரு கல்லும் முள்ளந்தண்டுக்கு வரும்.

அடுத்தது பின் ஷொக் அப்சோர்பர். எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் சுருளின் அடியிலோ மேலேயோ படிப்படியாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் சுருள் இறுகும், தளரும். பின்னால் ஆளை ஏற்றுவதற்காக ஒருமுறை இறுக்கிவிட்டு அப்படியே வருடக்கணக்காக ஓடுகிறவர்கள் கனபேர். தனியாகத் தூரம் போகிறீர்கள் என்றால் ஒரு படி தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிந்து செத்துப்போன ஷொக் என்றால் எந்தச் சீற்றும் உங்களைக் காப்பாற்றாது. முதலில் அதை மாற்றுங்கள்.

பிறகு இருக்கும் விதம். ஹாண்டில் தூரமாக இருந்தால் முதுகு வளைந்து, இடுப்பு பின்னுக்குச் சாய்ந்து, பாரம் இருப்பெலும்பை விட்டு வால் எலும்புக்குப் போகும். ஹாண்டிலின் பிடிப்பு நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பக்கம் சற்றுத் திருப்பினாலே நாரி நோ குறைந்தவர்கள் உண்டு. இறுக்கிய பின் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர்களும் கேபிள்களும் இழுபடவில்லை, கை டாங்கியில் முட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நோவின் இடத்தைக் கண்டுபிடித்தல்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். நோவின் இடம்தான் வேலையின் அளவைச் சொல்லும்.

இரண்டு பக்கமும் எலும்பு முனையில் நோகிறது என்றால் பஞ்சு செத்துவிட்டது, அல்லது சீற் உங்களுக்கு ஒடுக்கம். நடுவில் விறைக்கிறது, அடிக்கடி டாங்கியை நோக்கி வழுக்கிப் போகிறீர்கள் என்றால் சீற் முன்பக்கம் சரிகிறது. வால் எலும்பில் நோகிறது என்றால் பின்பக்கக் குழி ஆழம் கூடிவிட்டது, அல்லது நீங்கள் கூனிக்கொண்டு ஓடுகிறீர்கள். தொடையின் உட்பக்கம் எரிகிறது என்றால் சீற்றின் விளிம்பையும் தையலையும் பாருங்கள். களுசானின் தடித்த உட்தையலும் இதே வேலையைச் செய்யும். தூரம் போகும் நாளில் தடித்த டெனிமை விட்டு, நடுவில் தையல் குவியாத களுசானைப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் நோ, அது கால் வழியாகக் கீழே மின்சாரம் போல இறங்குகிறது என்றால் குசன் கடைக்கு முன் வைத்தியரிடம் போக வேண்டும். அது முள்ளந்தண்டு நரம்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இனி இருப்பெலும்பின் அகலம். சாமான் வந்த காட்போட் மட்டை ஒன்றை எடுத்து, சீமெந்துத் திண்ணையில் அல்லது கடினமான வாங்கில் வைத்து, மெல்லிய சாரத்தோடு அதன்மேல் இருங்கள். பாதங்களைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு நிமிடம் முன்னுக்குச் சற்றுச் சாய்ந்து இருந்துவிட்டு எழும்பினால் மட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால் வடிவாகத் தெரியும். இரண்டு பள்ளத்தின் நடுவுக்கும் இடைப்பட்ட தூரம் வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூட. அந்த அளவோடு இரண்டு பக்கமும் நாலைந்து சென்ரிமீற்றர் சேர்த்தால் வருவதுதான் உங்களுக்குத் தேவையான தட்டையான அகலம். பிறகு சீற்றில் அளந்து பாருங்கள். விளிம்பு முதல் விளிம்பு வரை அகலம் காணும் போலத் தெரியும். ஆனால் மேற்பரப்பு ஆமை முதுகாக வளைந்திருப்பதால் உண்மையில் தட்டையான பகுதி குறைவு. எலும்பு இரண்டும் சரிவில் நிற்கும். எங்கள் வண்டிகளில் நான் அதிகம் காணும் குறை இதுதான்.

சரிவையும் அளக்க வேண்டும். நடு ஸ்ராண்டில் நிறுத்தி அளந்தால் வண்டியின் நிலை மாறிவிடும், கணக்குப் பிழைக்கும். இரண்டு சக்கரமும் நிலத்தில் நிற்க, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஓட்டி இருக்கும் இடத்தில் நீளவாக்கில் ஒரு அடிமட்டத்தை வைத்து, அதன்மேல் பாதி தண்ணீர் விட்டு மூடிய போத்தலைப் படுக்க வையுங்கள். தண்ணீர் டாங்கிப் பக்கம் சேர்கிறதா? அந்தச் சரிவுதான் உங்களை முன்னே தள்ளுகிறது.

வெட்டாமல் செய்யும் சோதனை

ஒரு பஞ்சையும் வெட்டுமுன், திருத்தம் சரிவருமா என்று ஓடிப் பார்க்கலாம். செருப்பு அடிக்கும் யோகா விரிப்புக்கும் பாவிக்கிற இறுகிய, தண்ணீர் குடிக்காத மட்டைப் பஞ்சு 10 மில்லிமீற்றர் தடிப்பில் வாங்குங்கள். சரிவுதான் பிரச்சினை என்றால் முன்பக்கம் மட்டும் இரண்டு அடுக்கு. ஒடுக்கம் என்றால் இரண்டு பக்கச் சரிவிலும் ஆப்பு மாதிரி வெட்டி வைத்து, மேலே ஒரு முழு அடுக்கு. எல்லாவற்றையும் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாகக் கீறி எடுத்த பட்டியால் சீற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். கரியரில் சாமான் கட்டிப் பழகிய கைக்கு இது ஐந்து நிமிட வேலை. கட்டின் முடிச்சு செயின், சைலன்சர் பக்கம் தொங்கக்கூடாது.

கட்டிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை வரை போய் வாருங்கள். பிறகு ஆனையிறவு வரை. பார்க்க அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. எந்த இடத்தில் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை இந்த ஓட்டம்தான் சொல்லும். மட்டையை நகர்த்தி நகர்த்தி நோ குறையும் நிலையைக் கண்டுபிடித்ததும் சுற்றிப் பேனையால் கோடு போட்டு, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். குசன் கடைக்காரருக்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

சரிவு கொஞ்சம்தான் என்றால் இன்னும் இலேசான வழி உண்டு. சீற்றைக் கழற்றி அடியில் பார்த்தால் சட்டத்தில் பாரம் இறங்கும் றபர்க் கட்டைகள் தெரியும். முன் கட்டைகளின் கீழ் 5 மில்லிமீற்றர் றபர்த் துண்டு வைத்து உயர்த்தினாலே சரிவு குறையும். சீற்றின் முன் நாக்கு சட்டத்துக்குள் முழுதாக நுழைந்து பூட்டுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நாக்கு பிடிக்காத சீற் ஓட்டத்தில் நழுவும், அது உயிருக்கே ஆபத்து.

கழற்றுதல்

சில வண்டிகளில் சாவிப் பூட்டு, சிலவற்றில் பின்னால் அல்லது பக்க மூடிகளுக்குள் இரண்டு போல்ட். பின்பக்கத்தைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். போல்ட்டுகளையும் வாஷர்களையும் ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள்.

சீற்றைக் கவிழ்த்து ஸ்ரேப்பிள் கம்பிகளைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் குறட்டால் பிடுங்குங்கள். உறையைக் கிழிக்காதீர்கள், புதிய உறை வெட்ட அதுதான் அளவு. பழைய எம்.டி. 90, சீ.டி. 125 போன்ற வண்டிகளில் அடித்தட்டு தகரம். உப்புக்காற்றில் அது கறள் பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் முதலில் வெல்டிங் கடை. பிளாஸ்டிக் தட்டென்றால் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

உறை நீங்கியதும் பஞ்சைக் கவனியுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் முழங்காலை ஊன்றி முழுப்பாரத்தையும் போடுங்கள். தட்டு முழங்காலில் இடித்தால் அந்தப் பஞ்சு தன் காலத்தை முடித்துவிட்டது. கையால் பிசையும்போது மாப்போல உதிர்ந்தாலும் அப்படித்தான். மற்றபடி பழைய பஞ்சை முழுதாக எறிய வேண்டாம். கொம்பனி அச்சில் வார்த்த பஞ்சு நல்ல பஞ்சு. அதைத் தளமாக வைத்துக்கொண்டு தேவையான இடத்தை மட்டும் மாற்றுவதே புத்தி.

பஞ்சைத் தெரிதல்

பஞ்சில் இரண்டு குணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அடர்த்தி, மற்றது இறுக்கம். அடர்த்தி கூடினால் கனகாலம் உழைக்கும். இறுக்கம் கூடினால் அமத்த அதிக பாரம் வேண்டும். அடர்த்தியான பஞ்சு மெதுவாகவும் இருக்கலாம், இலேசான பஞ்சு இறுக்கமாகவும் இருக்கலாம். கையால் அமத்தி மட்டும் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

மலிவான மெத்தை, தலையணைப் பஞ்சு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோவை அண்டியே இருக்கும். வண்டிச் சீற்றுக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் வேண்டும். கடையில் பெயர்ப்பட்டி இல்லாவிட்டால் தராசில் போடுங்கள். 30 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 10 தடிப்புள்ள துண்டு 450 கிராம் நிறுத்தால் அது 50 கிலோப் பஞ்சு. 180 கிராம் என்றால் மெத்தைப் பஞ்சு, வாங்க வேண்டாம்.

அடி அடுக்குக்கு வெட்டுத் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த பல நிறப் பஞ்சு, ரீபொண்டட் என்பார்கள், நல்ல தாங்கு சக்தி உள்ளது. தனியே போட்டால் பலகையில் இருப்பது மாதிரி, ஆகவே அது அடியில் மட்டும். நடுவில் இறப்பர்ப் பாலில் செய்த பஞ்சு கிடைத்தால் விடாதீர்கள். இறப்பர் விளைகிற நாடு இது, இங்கேயே அந்த மெத்தைகள் செய்கிறார்கள். அமத்தினால் உடனே திரும்பி எழும், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வையும் உறிஞ்சும். பாரம் கூட, வெயில் நேரே பட்டால் உக்கும், அதனால் உறை நன்றாக மூட வேண்டும். மேலே 10 மில்லிமீற்றர் மெல்லிய மெதுவான அடுக்கு ஒன்று, விளிம்புகள் தெரியாமல் மூடுவதற்கு.

மெமரி ஃபோம் பற்றிக் கனபேர் கேட்கிறார்கள். சூடேறினால் இளகுவது அதன் குணம். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் அது ஏற்கெனவே இளகிவிடும், நீங்கள் ஏறியதும் நேரே அடிக்குப் போய்விடுவீர்கள். மெல்லிய மேலடுக்காக வேண்டுமென்றால் போடலாம், தாங்கும் அடுக்காக வேண்டாம். ஜெல்லும் வெயிலில் கொதிக்கும். நிழலில் நிறுத்த முடியாதவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

வெட்டி ஒட்டுதல்

இதற்கு ஒரு பகல் முழுதாக ஒதுக்குங்கள். ஒரு கட்டு ஈர்க்கும் மார்க்கர் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பஞ்சில் நீங்கள் இருக்கும் பகுதியைக் கோடு போட்டு, அதற்குள் அங்கங்கே ஈர்க்கைத் தட்டில் முட்டும் வரை செங்குத்தாகக் குத்தி, பஞ்சின் மேல்மட்டத்தில் நகத்தால் கிள்ளி அடையாளம் வைத்து வெளியே எடுங்கள். அந்த நீளம்தான் அந்த இடத்துத் தடிப்பு. ஓரிடத்தில் 70 மில்லிமீற்றர் இருக்கும், ஒரு சாண் தள்ளி 45 ஆகிவிடும். அடித்தட்டு மேடு பள்ளமானது என்பது வெளியே தெரியாது. எங்கே வெட்டினாலும் அடியில் 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பழைய பஞ்சு மிஞ்ச வேண்டும்.

இப்போது இருக்கும் பகுதியில் 25 முதல் 30 மில்லிமீற்றர் ஆழத்துக்குப் பழைய பஞ்சை வெட்டி எடுங்கள். நீண்ட பாண் வெட்டும் கத்தி நல்லது, இல்லாவிட்டால் புதிய ஹக்சோ பிளேட். அமத்தாமல் நீளமாக அரிந்து போக வேண்டும். அமத்தி வெட்டினால் பஞ்சு நசிந்து, விட்டதும் அலை அலையாக எழும்பும். வெட்டிய குழிக்குள் ரீபொண்டட் 10 மில்லிமீற்றர், அதற்கு மேல் இறப்பர்ப் பஞ்சு 20 மில்லிமீற்றர். குழியைவிடப் புதிய துண்டை ஓரிரு மில்லிமீற்றர் பெரிதாக வெட்டினால் இறுக்கமாக உட்காரும். இப்படி வெட்டி நிரப்புவதன் நன்மை, சீற்றின் உயரம் அதிகம் கூடாது. சும்மா மேலே அடுக்கினால் கால் நிலத்தில் எட்டாமல் போகும். அகலம் காணாவிட்டால் பக்கச் சரிவுகளில் இறுகிய பஞ்சு ஆப்புகளை ஒட்டித் தட்டையான பகுதியை அகட்டுங்கள். டாங்கியை ஒட்டிய முன்பகுதியை மட்டும் ஒடுக்கமாகவே விட்டு, விளிம்பை உருட்டுங்கள். கால் இறங்க வழி வேண்டும்.

கம்: செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கிற மஞ்சள் கம் போதும். இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஒட்டினதுதான், நகர்த்த முடியாது. முக்கியமான விசயம், கம் காய்ந்தால் தகடு போல இறுகும். ஆகவே இருப்பெலும்பு இறங்கும் இடத்தில் பூசாமல் ஓரங்களில் மட்டும் பூசுங்கள். வெளியே காற்றோட்டத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது.

வால் எலும்பு நோ உள்ளவர்களுக்கு, இருக்கும் பகுதியின் பின் பாதியில் நடுவே 5 சென்ரிமீற்றர் அகலம், 12 முதல் 15 மில்லிமீற்றர் ஆழமான வாய்க்கால் ஒன்று வெட்டலாம். மேலடுக்கு அதன்மேல் பாலமாகப் போகும். நடுவில் விறைப்பவர்களுக்கும் இது உதவும், ஆனால் முதலில் சரிவைத் திருத்துங்கள். அடிமட்டத்தின்மேல் படுக்க வைத்த போத்தலில் தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மிகச் சற்றே பின்னுக்குச் சேர வேண்டும்.

வடிவம் வந்ததும் 40 ஆம் நம்பர் சாண்ட்பேப்பரை ஒரு கட்டையில் சுற்றித் தேயுங்கள். கிரைண்டரில் தட்டுப் போட்டும் தேய்க்கலாம், ஆனால் ஒரு கண நேரத்தில் குழி விழுத்திவிடும். எதுவானாலும் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது. கண்ணை நம்ப வேண்டாம். உள்ளங்கையை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும், இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் உடம்புக்கும் தெரியும்.

உறை போடுமுன் பழைய பெட்சீற் ஒன்றை இறுக்கிக் கட்டிச் சீற்றை வண்டியில் பூட்டி, அரை மணித்தியாலம் அசையாமல் இருந்து பாருங்கள். பிறகு ஊருக்குள் ஒரு ஓட்டம். இந்த நிலையில் திருத்துவது சுகம். உறை தைத்த பின் திருத்துவது இரட்டைச் செலவு.

உறையும் குசன் கடையும்

பஞ்சு வேலையை நீங்கள் செய்தாலும் உறைத் தையலைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. தடித்த றெக்சினை வீட்டுத் தையல் இயந்திரம் இழுக்காது. கடையில் சொல்ல வேண்டியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "அண்ணை, இந்தப் பஞ்சின்ர வடிவத்தை மாத்த வேண்டாம். இருக்கிற இடத்தில தையல் வரக்கூடாது. பைப்பிங்கும் வேண்டாம். பின்னல் துணி ஒட்டின, இழுபடுகிற றெக்சினாப் போடுங்கோ." இழுபடாத றெக்சின் பஞ்சின்மேல் முரசுத் தோல் போல நிற்கும், கீழே எவ்வளவு நல்ல பஞ்சு இருந்தாலும் உடம்பு அதை உணராது. நூல் நைலோன் அல்லது பொலியெஸ்ரர். பருத்தி நூல் மாரி ஒன்றோடு உக்கிவிடும். வழுவழுப்பான றெக்சின் பார்க்க வடிவு, ஆனால் பிறேக் பிடிக்கும்போது முன்னே வழுக்கும். ஓட்டி இருக்கும் பகுதிக்குச் சொரசொரப்பான இனம் கேளுங்கள். கறுப்பைவிடச் சாம்பல் அல்லது மண்ணிறம் வெயிலில் குறைவாகச் சுடும்.

பஞ்சுக்கும் உறைக்கும் இடையில் மெல்லிய பொலித்தீன் போட வேண்டும். ஊசித் துளை வழியாக மழை இறங்கும், குடித்த பஞ்சு நாள்கணக்கில் காயாது. தையலின் உட்பக்கத்தில் கம் ஒரு கோடு பூசச் சொல்லுங்கள்.

அடிப்பதை நீங்களே செய்யலாம். உறையை அரை மணித்தியாலம் வெயிலில் விரித்துவிட்டால் இளகி நன்றாக இழுபடும். முதலில் முன் நடு, அடுத்தது பின் நடு, பிறகு இரண்டு பக்க நடு. அதன் பின் நடுவிலிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி. மூலையில் சிறு மடிப்புகளாகப் பிரித்து அடித்தால் சுருக்கம் தெரியாது. பிளாஸ்டிக் தட்டுக்கு 6 மில்லிமீற்றர் ஸ்ரேப்பிள் காணும், நீளமானது தட்டைத் துளைத்து மேலே வரும். எங்கள் உப்புக்காற்றுக்குக் கறள் பிடிக்காத எவர்சில்வர்க் கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

மேலே போடும் விரிப்புகள்

சீற்றில் கைவைக்க விருப்பமில்லாதவர்களுக்கு, அல்லது இரவல் வண்டியில் போகிறவர்களுக்கு, காற்றறைக் குசன் நல்ல தெரிவு. முழுதாக ஊதக்கூடாது. ஊதிவிட்டு ஏறி இருந்து, எலும்பு தட்டில் முட்டாத அளவு வரை காற்றை இறக்க வேண்டும். ஊதி உப்பிய குசன் வளைவுகளில் வண்டியை ஆட்டும். தடித்த வலைத்துணி விரிப்பு பாரத்தைத் தாங்காது, ஆனால் வியர்வையைக் காயவைக்கும். வெக்கை காலத்தில் நல்ல சீற்றின் மேலும் அதைப் போட்டு ஓடுவது பலன் தரும்.

பின்னால் இருப்பவர்

பின் சீற்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மனைவியோ அம்மாவோ வவுனியா வரை ஒரு பக்கமாகச் சீலையோடு இருந்து வரும்போது அவர்கள் படும் பாடு ஓட்டி படுவதைவிடக் கூட. தூரப் பயணத்துக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கக்கூடிய உடுப்பே பாதுகாப்பு, நாரிக்கும் நல்லது. பின் சீற்றின் தட்டையான அகலம் ஓட்டியின் இடத்துக்குக் குறையக்கூடாது. ஓட்டிக்கும் பின்னவருக்கும் இடையில் சிறிய படி ஒன்று இருந்தால் ஒவ்வொரு பிறேக்குக்கும் அவர் உங்கள் மேல் சரிய மாட்டார். பிடிக்கக் கைபிடியும், முழங்காலை அளவாக மடித்து ஊன்றக் கால்மிதியும் சரியாக இருந்தால் பாதி நோ தீர்ந்தது. இரண்டு பேர் ஏறும்போது ஷொக்கை இறுக்கவும், டயர்க் காற்றைக் கூட்டவும் மறக்காதீர்கள்.

ஸ்கூட்டியில் கால் முன்னுக்கு இருப்பதால் பாரம் இயல்பாகவே வால் எலும்புப் பக்கம் போகும். அங்கே வாய்க்கால் வெட்டும் திருத்தம்தான் முதலாவது.

வீதியில்

எவ்வளவு நல்ல சீற் என்றாலும் ஒரே நிலையில் இருந்தால் சதை நசியும். நேர் வீதியில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் முன்னே பின்னே நகருங்கள். பள்ளம் திட்டி தெரிந்தால் கால்மிதியில் ஊன்றி உடம்பைச் சற்றே எழுப்புங்கள். ஆனையிறவு வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும் சோளகம் பக்கத்தால் அடிக்கும்போது எங்களை அறியாமலே இடுப்பையும் தோளையும் இறுக்கிக்கொள்கிறோம். அந்த இறுக்கம் வவுனியா வரை நீங்காது. வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டாங்கியைப் பிடித்து, கையைத் தளர விடுங்கள்.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்று கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு போகிற எங்கள் வழக்கம் இதற்கு மிகப் பொருத்தம். யாழ்ப்பாணத்தில் இருந்து வரும்போது உடம்புக்கு முதல் ஓய்வு தேவைப்படும் நேரமும் ஏறத்தாழ அதுதான். நின்றதும் கச்சானைச் சீற்றில் இருந்துகொண்டே உடைக்காமல், இறங்கி நடந்துகொண்டு சாப்பிடுங்கள். தண்ணீரும் குடியுங்கள். வெயிலில் உடம்பு வறண்டால் சதை கெதியாகப் பிடிக்கும்.

பராமரிப்பு

புதிய பஞ்சு முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும். அதற்குப் பின் நோ புதிதாக வந்தால் உறையைத் திறந்து 5 மில்லிமீற்றர் அடுக்கு சேர்க்கலாம், அதனால் ஸ்ரேப்பிளை ஆரம்பத்தில் மிக நெருக்கமாக அடிக்காதீர்கள். மினுக்கத்துக்காகத் தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ பூச வேண்டாம். ஒன்று வழுக்கும், மற்றது றெக்சினை வெடிக்க வைக்கும். சவர்க்காரத் தண்ணீரும் ஈரத்துணியும் போதும். ஐப்பசி மழை தொடங்குமுன் சீற்றைக் கழற்றிக் கவிழ்த்து, தளர்ந்த கம்பிகளை மாற்றி, தையல் விட்ட இடங்களுக்குக் கம் பூசுங்கள். எப்படியாவது தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெயிலில் மேற்பக்கத்தைக் காயப்போட்டுப் பயனில்லை. பின்பக்கக் கம்பிகளைப் பிடுங்கி உறையைப் பாதி திறந்து, சீற்றை நிமிர்த்திச் சாய்த்து, நிழலில் காற்றுப்பட இரண்டு மூன்று நாள் விட்டு, பிறகு புதிய கம்பி அடியுங்கள்.